வேர் என்கிற சொல்லும் விரட்டப்பட்டவர்களின் காகிதங்களும்

இங்கிலாந்தின் கிராமம் என்றதும் ஒரு படம் தயாராக வந்து நிற்கிறது. தேவாலயக் கோபுரம், கூரை வேய்ந்த வீடுகள், கல்லறைத் தோட்டம், அதில் ஒரே குடும்பப் பெயர் வெட்டிய அஞ்சாறு கற்கள். 'எங்க குடும்பம் முன்னூறு வருஷமா இந்த மண்ணுலதான் இருக்கு' என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கற்கள்தாம் சாட்சி. ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பூர்வீகம் தேடி வருகிறவர்கள் போய் நிற்பதும் அங்கேதான். ஆனால் கல் நடக் காசு வேணும். கூலிக்கு ஏர் ஓட்டியவருக்குக் கல் ஏது? கல்லறைகளை வைத்துக் குடும்ப வரலாறு எழுதினால் பெரும்பாலும் நிலமும் வசதியும் இருந்தவர்களின் வரலாறுதான் கிடைக்கும். மற்றவர்களின் நினைவு எங்கே தங்கியது என்பதுதான் இங்கே என் கேள்வி.

1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊரெல்லையில், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒரு ஏட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். ஏழைகளும் இந்த ஏட்டில் வருகிறார்கள், ஆனால் ஒரு வரியாக மட்டும். எழுதத் தெரியாதவரின் பெயரைப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே குடும்பத்தின் பெயர் மூணு விதமாக மாறிப்போனது. 1754 முதல் மணமக்களும் ஏட்டில் கையொப்பமிட வேண்டும் என்றானபோது, எழுத்தறியாதவர்கள் ஒரு பெருக்கல்குறி போட்டார்கள். பல குடும்பங்களில் மூதாதையின் கை நேரடியாகத் தொட்டதாக மிஞ்சியிருப்பது அந்தக் குறி ஒன்றுதான்.

ஏழைகளைப் பற்றி அதிகாரம் விரிவாக எழுதிய இடம் வேறு. 1662ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி, ஆண்டுக்குப் பத்துப் பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் ஓர் ஊருக்குக் குடிவந்தவர், பின்னாளில் அந்த ஊருக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றினால், நாற்பது நாளுக்குள் புகார் செய்து அவரை வெளியேற்றலாம். காரணம் காசுதான். ஏழைகளைப் பராமரிக்கும் செலவு அந்தந்த ஊர் வரியிலிருந்து போனது. 'உன் ஊர் எது?' என்ற கேள்விக்கு 'உனக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியவர் யார்?' என்றுதான் அர்த்தம். மணமாகாத ஒருவர் ஓர் ஊரில் முழுசாக ஓராண்டு பண்ணைவேலை பார்த்தால் அந்த ஊர்க்காரர் என்ற உரிமை வந்துவிடும். அதனால் ஆண்டு நிறைய ஒரு வாரம் இருக்கும்போதே கணக்கு முடித்து அனுப்பிய பண்ணைக்காரர்கள் உண்டு. மணமான பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் ஊர். அவன் செத்துப்போனால், அவள் கண்ணால்கூடப் பார்த்திராத ஊருக்குப் பிள்ளைகளோடு அனுப்பப்படலாம். வேர் எங்கே என்பதை மண் சொல்லவில்லை, மாஜிஸ்திரேட் சொன்னார்.

அப்படி அனுப்புவதற்கு முன் ஒரு விசாரணை உண்டு. எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எத்தனை மாதம், என்ன கூலி, எங்கே கல்யாணம், எத்தனை பிள்ளைகள்? சத்தியம் செய்து சொன்ன பதில்களைக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். கிராமத்து ஏழையின் வாழ்க்கைக்கதை என்று நம் கைக்கு வருபவற்றில் விரிவானவை இந்த வாக்குமூலங்கள். விரட்டுவதற்காகக் கேட்ட கதை. அவரை யாரும் விரட்ட நினைக்காமல் இருந்திருந்தால் அந்த ஒற்றை வரியோடு முடிந்திருப்பார்.

இதே கதை 1830இலும் நடக்கிறது. கதிரடிக்கும் இயந்திரம் வந்து குளிர்காலக் கூலியைப் பறித்தபோது தெற்கு, கிழக்கு மாவட்டங்களின் விவசாயக் கூலிகள் அதை உடைத்தார்கள். 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்கள் போயின. பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள்; ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஆஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு நாடு கடத்தினார்கள். கைதிப் பதிவேடுகளில் உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சைகுத்து எல்லாம் உண்டு. ஊரிலேயே ஒழுங்காக இருந்த அண்ணனின் முகம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. நாடு கடத்தப்பட்ட தம்பியின் கண் என்ன நிறம் என்று தெரியும். அந்தத் தம்பியின் வம்சமோ கைதி ரத்தம் என்ற அவமானத்தில் பல தலைமுறை வாயே திறக்கவில்லை. அது பெருமையானது மிகவும் பிற்பாடுதான்.

குடும்ப நினைவு என்பதை நாம் ரொம்ப வெள்ளந்தியாகப் பார்க்கிறோம். அது மறைக்கவும் செய்கிறது. 1697ஆம் ஆண்டுச் சட்டம், ஊர் உதவி வாங்கியவர் வலது தோளில் 'பி' என்ற எழுத்தையும் ஊரின் முதலெழுத்தையும் துணியில் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. மனைவி, பிள்ளைகளுக்கும் அதே கதி. 1810இல்தான் அதை நீக்கினார்கள். இந்தத் துணியைப் பற்றி எந்தத் தாத்தா பேரனிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார்?

அப்படியானால் எல்லாமே அதிகாரத்தின் காகிதம்தானா? இல்லை. 1948இல் சஃபோக் மாவட்டத்து பிளாக்ஸ்ஹால் கிராமத்தில் குடியேறிய ஜார்ஜ் எவார்ட் எவன்ஸ் பக்கத்து வீட்டுக் கிழவர்களிடம் பேச ஆரம்பித்தார். குதிரை, அரிவாள், ஆட்டுமந்தை, ரொட்டி சுடுவது என்று வேலையைப் பற்றிக் கேட்டார். வேலையைக் கேட்டால் ஊர் பேசுகிறது. 1956இல் அது நூலானது. கேட்டவர் வேல்ஸ் சுரங்க ஊர்க்காரர், அந்த மண்ணில் வேரில்லாதவர் என்பதைக் கவனிக்க வேணும்.

வேர் என்ற உருவகம் அசையாமல் நிற்கிறவனுக்குப் பொருந்தும். நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் பொதுநிலங்கள் வேலிக்குள் போனபோது, மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த வழக்குரிமையை இழந்தவர்கள் பலர். 1851 கணக்கெடுப்பில் நகரவாசிகள் கிராமத்தாரை மிஞ்சிவிட்டார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகளுக்குப் 'பூர்வீகக் கிராமம்' என்பது தாத்தாவோ பாட்டியோ விட்டுவந்த இடம்.

ஆகவே ஒரு மூதாதையின் பெயரைக் காகிதத்தில் பார்க்கும்போது, இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எழுதியதும் இவரை எங்கே அனுப்பினார் என்று கேட்க வேண்டும். குமாஸ்தாவின் வாக்கியத்துக்குள்ளே சில சமயம் அந்த ஆளின் குரலும் கேட்கும்: இன்ன பண்ணையில் இத்தனை மாதம் உழைத்தேன், கூலி பாக்கி இருக்கிறது என்று. குடும்ப வரலாற்றை அந்தக் கூலி பாக்கியிலிருந்து எழுத ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.