முற்றத்தில் நிற்கும் கேரவனுக்கு மின்சாரம்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. இரணியலில் வெளியே நல்ல மழை. ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சார், அப்பா ஓட்டுற கேரவன் ரெண்டு நாளா வீட்டு முத்தத்துல நிக்கு. ஜன்னல் வழியா ஒயர் இழுத்து ஏ.சி. போட்டிருக்கோம். ஒயரு நல்லா சுடுது. ஒண்ணும் ஆகாதுல்லா?"

கேரவன் என்றதும் நம் பிள்ளைகளுக்குப் படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். பக்கத்துக் கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு, இது சுற்றுலா வண்டியாகவும் நமக்கு அறிமுகமாகிவிட்டது. அவன் கேள்வியையே அன்றைய பாடமாக்கினேன்.

முதலில் கணக்கு. ஏ.சி. 1500 வாட், மின் அடுப்பு 2000 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3500 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 15 ஆம்பியர். மின்விசிறிக்கான 6 ஆம்பியர் பிளக் 1380 வாட்டுக்கு மேல் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கே இது விளிம்பு. எனவே ஏ.சி. ஓடும்போது அடுப்பு வேண்டாம்.

ஒயர் ஏன் சுடுகிறது? 30 மீட்டர் ஒயரில் மின்சாரம் போய்வரும் தூரம் 60 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியென்றால் மின்தடை சுமார் 1 ஓம். 15 ஆம்பியர் பாய்ந்தால், ஜூல் விதிப்படி ஒயரிலேயே 225 வாட் வெப்பம்! 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இது 90 வாட்தான். மிச்சமுள்ள ஒயரைச் சுருட்டி வைத்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் காப்புறை உருகும். முழுவதும் விரித்துப் போடுங்கள்.

சூட்டைவிட எனக்குப் பயம் தந்தது வேறு. "ஒயரில் எத்தனை கம்பி?" என்றேன். "ரெண்டு சார்." அதாவது எர்த் இல்லை. உலோக உடல், அடியில் மின்சாரம் கடத்தாத ரப்பர் டயர். உள்ளே எங்காவது பேஸ் கம்பி உரசினால் வண்டி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை கைப்பிடியைத் தொட்டால்? நனைந்த உடலின் மின்தடை 1000 ஓம் என்று கொண்டால் 230 மில்லிஆம்பியர் பாயும். உயிர் போக அது போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது எழுபதில் ஒரு பங்கு; அசையாது.

பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று ஒப்பிடும் கருவி ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர் வகையென்றால், அந்த அளவு மின்சாரம் வழி மாறியதுமே நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அது இருக்கிறதென்று எர்த்தை விட்டுவிடக் கூடாது. எர்த் பின்னை நியூட்ரலோடு முறுக்கிவிட்டு 'எர்த் கொடுத்தாச்சு' என்பவர்களும் உண்டு; நியூட்ரல் அறுந்தால் அந்த இணைப்பே வண்டியின் உடலுக்கு மின்சாரம் கொண்டுவந்துவிடும்.

அன்று மதியமே அப்பாவுக்குப் போன் செய்து, வீட்டு மெயினை அணைத்த பிறகு ஒயரை எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து எலக்ட்ரீசியன் மூன்று கம்பி ஒயரும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தினார். இப்போது சுவிட்சை அணைத்துவிட்டு முதலில் வண்டியில் செருகுகிறார்கள், பிறகுதான் வீட்டில். கழற்றும்போது வீட்டுப் பக்கம் முதலில். காரணத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் அந்த மாணவனேதான்.