காசில்லாப் பட்டறை – 17: பூஜ்யம் போட்டால் 256

போன வாரம் கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் லேயர் என்றால் என்ன என்று பார்த்தோம். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். இந்த வாரம் ஐகான். படத்தின் பின்னணி தெரியாமல் செய்வது எப்படி என்பதையும் இதிலேயே சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இடம் இருந்தால் பார்ப்போம்.

எங்கள் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர், அதற்குச் சுரங்கத்தின் இரும்புச் சட்டகத்தையே ஐகானாக வைக்க ஆசைப்பட்டார். தங்கவயல்காரருக்கு வேறென்ன தோன்றும்? 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸை மூடியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகூட அதைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடும். உச்சியில் சக்கரம், அதன்மேல் ஓடி கூண்டை இறக்கி ஏற்றும் இரும்புக் கயிறு, இயந்திர அறைப் பக்கம் சாய்த்து ஊன்றிய கால்கள், நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள். (இந்த ஊருக்கு சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது 1902-ல். பெங்களூரு வீதிகளில் மின்விளக்கு எரிந்ததே 1905-ல்தான். ஐகானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர் யாரும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.)

தம்பி செல்போனில் எடுத்த படத்தை அப்படியே சுருக்கி ஐகானாக்கினார். டெஸ்க்டாப்பில் பெரிதாக வைத்தால் அழகாகத்தான் இருந்தது. மென்பொருளைத் திறந்தால், மேல்பட்டையின் இடது மூலையில் ஒரு சாம்பல் கறை. சக்கரமும் இல்லை, கயிறும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 256-க்கு 256 புள்ளி கொண்ட படத்தை அந்த மேல்பட்டை மூலைக்காக 16-க்கு 16 ஆகச் சுருக்கினால், பழைய படத்தின் 256 புள்ளிகள் சேர்ந்து புதியதில் ஒரே புள்ளி. கறுத்த இரும்பும் வெளுத்த வானமும் கலந்தால் சாம்பல் நிறம் வராமல் என்ன வரும்?

இதற்காகத்தான் ஒரே ஐகான் கோப்புக்குள் பல அளவுப் படங்களை வைக்கும் ஏற்பாடு. மேலிருந்து பார்த்தால் ஒரே ஷாஃப்ட், உள்ளே இறங்கினால் லெவல் லெவலாகப் பிரியும் நம் சுரங்கம் மாதிரி. கோப்பின் முதல் 6 பைட்டில், இது ஐகான், உள்ளே இத்தனை படம் என்ற விவரம். பிறகு படத்துக்கு 16 பைட் வீதம் ஒரு பட்டியல்: அகலம், உயரம், நிற விவரம், படத்தின் எடை, கோப்பின் வாயிலிருந்து எத்தனையாவது பைட்டில் அது கிடக்கிறது என்பது வரை. நாலு படம் வைத்தால் 6-ம் 64-ம் சேர்ந்து 70 பைட் பட்டியலுக்கே போய்விடும். அதற்குக் கீழேதான் சரக்கு.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாதது இந்தப் பட்டியலின் முதல் பைட்தான். அகலம் எழுத ஒதுக்கியது ஒரே ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். 256-ஐ எங்கே எழுதுவது? 0 அகலமுள்ள படம் உலகத்தில் கிடையாது. ஆக அந்த இடம் சும்மா கிடக்கிறது. அதைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்: 0 என்று எழுதியிருந்தால் 256 என்று படி! உயரத்துக்கும் இதே கதை. ஐகானிலேயே ஆகப் பெரிய படத்தின் அளவு, கோப்பில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறது. கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து ஏழாவது, எட்டாவது பைட்டைப் பாருங்கள். முதல் படம் 256 ஆக இருந்தால் இரண்டு பூஜ்யமும் அங்கே உட்கார்ந்திருக்கும். பொறியாளர்களின் சிக்கனத்தில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

இனி வேலைக்கு வருவோம். கிம்ப்பில் 256-க்கு 256 புதுப் படம் திறந்து சட்டகத்தை முழுசாக வரையுங்கள். அந்த லேயரைப் பிரதி எடுத்து, லேயர் மெனுவில் ‘ஸ்கேல் லேயர்’ கொடுத்து 48 ஆக்குங்கள். இப்படியே 32, 16. ‘ஸ்கேல் இமேஜ்’ பக்கம் கை போனால் எல்லா லேயரும் சேர்ந்து சுருங்கிவிடும், ஜாக்கிரதை. 48-ல் பாதிப் பட்டைகளை அழித்துவிடலாம். 32-ல் கயிறு ஒன்று போதும். 16-க்கு மட்டும் சுருக்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பென்சில் கருவியால் புள்ளி புள்ளியாக வையுங்கள்: நிமிர்ந்த கால் ஒன்று, சாய்ந்த கால் ஒன்று, மேலே நாலு புள்ளியில் சக்கரம். பிரஷ் வேண்டாம், அதன் ஓரம் மங்கலாக விழும்.

பிறகு ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ போய், பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஐ, சி, ஓ எழுத்துகள். வருகிற பெட்டியில் லேயருக்கு ஒரு வரி இருக்கும். எல்லாவற்றுக்கும் 32 பிட் வையுங்கள். 256-க்கு மட்டும் பிஎன்ஜி சுருக்கத்தை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் அந்த ஒரு படமே 2,70,376 பைட் பிடிக்கும். 16-ன் எடை வெறும் 1,128. பிஎன்ஜி வைத்த ஐகான் விண்டோஸ் விஸ்டா முதல்தான் ஓடும். எக்ஸ்பியையே கட்டிக்கொண்டு அழும் கடைக்காரருக்கு 48-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த 1,128-ல் ஒரு 64 பைட், நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத வெறும் முகமூடி. அதன் உயரத்தையும் சேர்த்து எண்ணுவதால் 16 உயரப் படம் உள்ளே 32 உயரம் என்று பொய் சொல்கிறது. பின்னணி மறைவதன் பழைய சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. இடம் முடிந்துவிட்டது, அது அடுத்த வாரம். அதுவரை ஒரு வீட்டுப்பாடம். 1984-ல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷுக்கு வடிவமைப்பாளர் சூசன் கேர் கட்டம்போட்ட நோட்டில் கட்டங்களை நிரப்பித்தான் ஐகான்களை உருவாக்கினார். நீங்களும் ஒரு கிராஃப் நோட்டு வாங்கி, 16-க்கு 16 கட்டத்தில் உங்கள் ஊர் அடையாளம் ஒன்றை நிரப்பி வையுங்கள். அடுத்த வாரம் முகமூடி போட அது வேண்டும்.

(தொடரும்)