அம்பாசிடர் கியர் ஏன் ஆடுகிறது?



இப்போது வரும் கார்களில் கியர் கம்பி பெரும்பாலும் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும். பழைய அம்பாசிடரில் அது ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டு இருக்கும். மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் செய்த கார் இது. 2014-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எங்க மாமா இன்னும் இந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடத்துகிறார்.

போன வருஷம் ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனார். பாதி வழியில் கியர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிச்சு. மாமா பானட்டைத் திறந்து, கம்பியைக் கையால் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. நல்லவேளை, தாயும் பிள்ளையும் நலம். "காயலான் கடைக்குப் போட்டுடு" என்று எல்லோரும் சொன்னார்கள். மாமா கேட்கவில்லை. "வண்டி கெடலை, புஷ்தான் தேஞ்சிருக்கு" என்றார்.

அது என்ன புஷ்? நாம் பிடிக்கும் கியர் கம்பி நேராக கியர் பாக்ஸில் சேராது. ஸ்டியரிங் தண்டை ஒட்டி ஒரு கம்பி கீழே இறங்கும். அதன் அடியில் சின்னக் கைகள், அதிலிருந்து கியர் பாக்ஸுக்கு வேறு கம்பிகள். சேரும் இடங்களில் புஷ் என்ற சின்ன வளையம் இருக்கும். அது தேய்ந்தால் இடைவெளி விழும்.

நாம் படித்த நெம்புகோல் பாடம் ஞாபகம் இருக்கா? மேலே பிடிக்கும் கை 20 செ.மீ., கீழே உள்ள கை 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே 1 மி.மீ. இடைவெளி இருந்தால், மேலே 4 மி.மீ. ஆடும். நாலு இடத்தில் தேய்ந்தால் எல்லாம் சேர்ந்து லொடலொட என்று ஆடும்!

மாமா சரிசெய்த முறை:

1. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்தார். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது.

2. நான் கியரை மெதுவாக ஆட்டினேன், மாமா கீழே பார்த்தார். ஒரு கம்பி அசைந்து, அடுத்தது அசையாமல் நின்றால் அந்த இணைப்புதான் தேய்ந்தது.

3. காட்டர் பின்னைக் கழற்றி, புது புஷ் போட்டு, கிரீஸ் தடவி, புதுப் பின் மாட்டினார்.

4. நியூட்ரலில் வைத்து நட்டைத் திருகி கம்பியின் நீளத்தைச் சரிபார்த்தார்.

5. எஞ்சின் ஓடாமலே, ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் விழுகிறதா என்று போட்டுப் பார்த்தார்.

இப்போது கியர் ஆடுவதில்லை. உங்கள் வீட்டில் தையல் மிஷினோ, சைக்கிளோ ஆடினால் உடனே எடைக்குப் போடாதீர்கள். எந்த இணைப்பு தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி