கதிரவனால் இயங்கும் லேசர்

உருப்பெருக்கிக் கண்ணாடியால் கதிரவனின் ஒளியைக் குவித்தால் தாள் கருகிப் புகைவதை நாம் அறிவோம். அவ்வாறு குவித்த ஒளியைக்கொண்டு லேசரையும் இயக்கலாம் என்பது வியப்பன்றோ!

சாதாரண விளக்கின் ஒளி நாற்புறமும் பரவும். லேசர் ஒளியோ பெரிதும் சிதறாமல் ஒரே திசையில் செல்லும். 1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் என்ற அமெரிக்க அறிவியலார், மின்விளக்கின் ஒளியை மாணிக்கப் படிகத்தில் பாய்ச்சி முதல் லேசரை இயக்கினார். 1966ஆம் ஆண்டில் சி. ஜி. யங் என்பவர், குவிந்த கதிரவன் ஒளியை நியோடிமியம் கலந்த 'யாக்' என்னும் படிகக் கோலில் செலுத்தி, சுமார் 1 வாட் லேசர் ஒளியைப் பெற்றார்.

ஆனால், ஒளி கிடைத்தால் மட்டும் போதாது. அது நிலையாகவும் இருத்தல் வேண்டும். ஆற்றல் ஏறி இறங்கினால் உலோகத்தைச் செம்மையாக வெட்ட இயலாது. ஒளி நிலைகுலைய மூன்று காரணங்கள் உள.

முதலாவது, பூமியின் சுழற்சி. அதனால் கதிரவன் சுமார் 4 நிமிடத்திற்கு 1 பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. நம் கண்ணுக்கு அதன் அகலம் ஏறத்தாழ அரைப் பாகையே. ஆகவே, 2 நிமிடத்தில் அது தன் அகலத்தளவு விலகிவிடுகிறது. ஆடி அதனைச் சரியாகப் பின்தொடராவிடில், குவிந்த ஒளி கோலைவிட்டு நழுவும்.

இரண்டாவது, வெப்பம். நீர் கோலின் புறத்தைக் குளிர்வித்தாலும் அதன் நடுப்பகுதி சூடாகவே இருக்கும். இவ்வேறுபாட்டால் கோல் ஒரு வில்லையைப்போல் ஒளியை வளைக்கும்; வெப்பம் மிகுந்தால் பிளந்தும் போகும்.

மூன்றாவது, கதிரவனை மறைக்கும் மேகம்.

இவற்றுக்குத் தீர்வு உண்டா? போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரிலுள்ள நோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழியை ஆராய்ந்துள்ளனர். ஒரு தடித்த கோலுக்குப் பதிலாக, மெல்லிய இரு கோல்களை அருகருகே வைப்பதே அவ்வழி. ஒளி சற்று விலகினால் ஒன்றுக்குக் குறைவது மற்றொன்றுக்குக் கூடும். மொத்த ஆற்றல் பெரிதும் மாறாது. மெல்லிய கோல் விரைவில் குளிர்வதால் வெப்பத்தின் தொல்லையும் குறையும்.

மேகத்தை நம்மால் விலக்க இயலாது. ஆனால், விண்வெளியில் மேகமும் இல்லை, மழையும் இல்லை. ஆதலால், சூரிய லேசரை அங்கே பயன்படுத்தவும் அறிவியலார் எண்ணுகின்றனர்.

மாணவர்களே, கதிரவனையோ லேசர் ஒளியையோ ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள், கண்பார்வை கெடும். வலிமையும் நிலைபெற்றால்தான் பயன் தரும் என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.