மோட்டார் வண்டிக்கு எத்தனை பரிவலு வேண்டும்?

மோட்டார் வண்டி வாங்க எண்ணுவோர் இன்று முதலில் வினாவுவது அதன் எஞ்சின் எத்தனை பரிவலு உடையது என்பதையே. நூறு என்று விடை வரின் முகஞ் சுளிப்போரும் உளர். வண்டியைச் செலுத்துவதில் இன்பங் காண்பதற்கு உண்மையில் எவ்வளவு வலு வேண்டும் என்பதனை, நாம் நன்கறிந்த ஒரு வண்டியை முன்வைத்து ஈண்டு ஆராய விரும்புகின்றோம். அவ்வண்டி மொறிஸ் மைனர். ஆசிரியர்களும் வைத்தியர்களும் அதிற் சென்றுவரக் கண்டு வளர்ந்தோர் நம்மிற் பலர்.

செக்கன் ஒன்றில் 550 இறாத்தல் பாரத்தை ஓரடி உயர்த்தும் வலுவே ஒரு பரிவலு. தமது நீராவி எஞ்சினைக் குதிரையோடு ஒப்பிட்டு விளக்குதற்பொருட்டு ஜேம்ஸ் உவாற்று வகுத்த அளவு இது. பௌதிக வகுப்பில் இவ்வெண்ணை மனனஞ் செய்த நாம், அதனைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவந்து விட்டோம். இப்போது மீண்டும் எடுத்துக் கணக்கிடுவோம்.

மைனரின் நிறை ஏறக்குறைய 15 அந்தர். தலைக்கு 140 இறாத்தல் நிறையுள்ள நால்வர் அதில் ஏறினால் மேலும் 5 அந்தர். ஆக ஒரு தொன், அதாவது 2,240 இறாத்தல். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் சமதரையில், மணிக்கு 40 மைல் வேகத்தைக் காப்பதற்குப் பத்துக்கு உட்பட்ட பரிவலுவே போதும். மலைநாட்டுக்குச் சென்றாலோ கதை வேறு. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 மைல் வேகத்திற் செல்லும் வண்டி, செக்கனுக்கு 44 அடி முன்னேறி 4.4 அடி உயர்கின்றது. 2,240ஐ 4.4 ஆற் பெருக்கி 550 ஆற் பிரித்தால் ஏறத்தாழ 18 வரும். காற்றின் தடைக்கும் சில்லுகளின் உராய்வுக்கும் ஐந்தைச் சேர்த்தால் 23.

1948இல் வெளிவந்த முதல் மைனரின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின் தந்தது 27.5 பரிவலு. அதிலும் ஒரு பகுதி பற்சக்கரங்களிற் கழிந்துவிடும். ஆகவே அவ்வேற்றத்தில் அதனிடம் மிச்சம் எதுவுமில்லை. 1956இல் வந்த மைனர் 1000 என்பது 37 பரிவலுவும், 1962இல் வந்த 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 48 பரிவலுவும் உடையன. இவற்றில் முன்னதற்கு ஓரளவு மிச்சமுண்டு. பின்னதற்கு முன்னே செல்லும் பஸ்ஸைக் கடக்கவும் இயலும். இந்த மிச்சமே செலுத்துவோனின் இன்பத்துக்கு மூலதனம் என்பது எமது துணிபு.

மூலதனம் பெருகப் பெருக இன்பமும் பெருகுமோ எனின், அது செலவிடப்படும் அளவையே பொறுத்தது. நகர்ப்புறத்துக்கு வெளியே சாதாரண தெருக்களில் நமது நாட்டிற் காருக்கு விதிக்கப்பட்ட எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். இருநூறு பரிவலுவுடைய வண்டியில் மிதியை முற்றாக அழுத்தினால் சில செக்கன்களில் அவ்வெல்லை வந்துவிடும்; பின்பு காலை எடுத்துக்கொண்டிருப்பதே வேலை. மைனரிலோ மூன்றாங் கியரில் மிதியை அடிமட்டும் அழுத்தி, எஞ்சினின் குரல் உயர்வதைக் கேட்டு, நான்காங் கியருக்கு மாற்றிய பின்னரும் சட்டத்துக்கு உட்பட்டே இருப்போம்.

அதனை வடிவமைத்த அலெக் இசிகொனிஸ் என்பார் எஞ்சினைக் காட்டிலும் ஸ்ரியறிங்கிலேயே மனஞ் செலுத்தினார் எனலாம். பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் நேரே பொருந்தும் ஸ்ரியறிங் அதற்கு வாய்த்தது. மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே, அதனை நடுவே பிளந்து நாலங்குலம் அகலமாக்கினார். முன்னரே செய்துவைத்த பம்பர்களையும் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்துப் பொருத்த வேண்டியதாயிற்று! அந்த நாலங்குலத்தால் வளைவுகளில் வண்டி நிலைபெற்றது. வளைவிலே வேகத்தை இழக்காத வண்டிக்கு, இழந்ததை மீட்க வலுவுந் தேவையில்லை.

வலு குறைந்தால் என்ன நேரும் என்பதனை யாழ்ப்பாணத்தவர் விரும்பாமலே பரிசோதித்தும் பார்த்தனர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் அமுக்க விகிதம் குறைவாதலால் அவ்வெண்ணெயை அவை பொறுத்துக்கொண்டன. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பாரம் ஏறினால் எஞ்சினில் தட்டுஞ் சத்தம் எழும். அதனைத் தவிர்க்கப் பொறி விழும் நேரத்தைப் பிந்த வைத்தால் வலு மேலும் குன்றும். நோயாளரை வைத்தியசாலைக்குச் சேர்த்த அவ்வண்டிகளுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆனால் அவற்றைச் செலுத்துவது இன்பம் என்று எவருஞ் சொல்லக் கேட்டிலோம். ஸ்ரியறிங்கும் சில்லுகளும் பழையனவே. மிச்சம் மட்டும் போயிற்று.

ஆட்களோடு சேர்ந்த நிறையில் தொன் ஒன்றுக்கு 40 பரிவலு இருந்தால் சமதரையில் இன்பமுண்டு. மலைநாட்டுக்கு 60 வேண்டும். நூற்றுக்கு மேற்பட்டது நமது தெருக்களிற் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். மின்சார வண்டியோ நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கத்தையும் தருமாதலால், அதற்கு இக்கணக்கிற் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். யப்பானியர் தமது சிறு கார்களை 660 கன சென்ரிமீற்றருக்கும் 64 பரிவலுவுக்கும் மேற்படாது அமைப்பர். எமது கணக்குக்கு அவை நன்கு பொருந்துவன. குறை ஒன்றுண்டு: இங்கு ஓடும் அவ்வகைக் கார்களிற் பெரும்பாலானவை கியரைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. நாமே மாற்றும் கியர் உடையதொன்றைத் தேடுவோர் சிறிது அலைய வேண்டியிருக்கும்.