கோளத்தினுள் ஒரு கச்சேரி

சங்கீதம் காதுக்குரிய கலை. நல்ல பாட்டைக் கேட்கும்போது இரசிகன் தன்னையறியாமலே கண்களை மூடிக்கொள்வது எந்நாட்டிலும் காணக்கூடியதே. அவ்வாறிருக்க, கண்ணை மூடவொட்டாத ஒரு மண்டபத்தைக் கட்டி அதனுள் சங்கீதம் நடத்தினால் அச் சங்கீதத்துக்கு என்ன நேரும்? அதிலும், இன்னதை இவ்வாறு வாசிப்போம் என்று மேடையேறும் வரை தீர்மானியாத வாத்தியக்காரர், ஒவ்வொரு கணத்தையும் முன்கூட்டியே வரையறுத்துவைக்க விரும்பும் ஒரு பெரும் யந்திரத்தின் நடுவே நின்று வாசித்தால் என்ன நேரும்?

அமெரிக்காவில், நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரில், 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19ஆந் திகதி இரவு, இவ்வினாக்களுக்கு விடை தேடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 'ஸ்பியர்' எனப் பெயரிய கோள வடிவ மண்டபத்தில் 'பிஷ்' என்னும் குழுவினர் நடத்திய நான்கு இரவுக் கச்சேரிகளுள் இரண்டாவது அது.

ஜாம் குழு என்பது யாது?

'ஜாம்' என்ற சொல் ஜாஸ் இசைக்காரரிடையே வழங்கியது. கச்சேரி முடிந்த பின்னர், ஒத்திகை எதுவுமின்றி, ஒருவர் எடுத்த பிடியை மற்றவர் பற்றி வளர்க்க, மனம் போன வழியே கூடி வாசிப்பதை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். அவ் வழக்கத்தை றொக் இசைக்குள் கொண்டுவந்து, அதனையே தம் வாழ்வாக ஆக்கிக்கொண்டவர்கள் 1965இல் கலிபோர்னியாவில் தோன்றிய 'கிரேற்புல் டெட்' குழுவினர். இசைத்தட்டிற் பதிந்த பாட்டை மேடையில் அப்படியே ஒப்புவிப்பது அவர்களுக்கு உவப்பானதன்று. ஐந்து நிமிஷப் பாட்டு ஒன்று அவர்கள் கையில் ஓரிரவு பத்து நிமிஷமாகவும், வேறோரிரவு அதனினும் பன்மடங்காகவும் விரியும். இம் மரபைப் பின்பற்றும் குழுக்களையே மேனாட்டார் 'ஜாம் பான்ட்' என்பர்.

நமது கருநாடக சங்கீதத்தில் மனோதர்மம் என்கிறோமே, அதற்கு இது தூரத்து உறவு எனலாம். நம்மிடத்தே இராக இலக்கணம் வேலியாக நிற்கின்றது. பாடகர் ஒருவரே தலைவர். இவர்களிடத்தே அத்தகைய வேலி இல்லை. எல்லோரும் ஒரே வேளையிற் கற்பனை செய்கின்றனர். தலைமை கணத்துக்குக் கணம் கைமாறுகின்றது. எனினும் இவ்வுறவு வெறும் ஒப்புமையளவில் நின்றுவிடவில்லை. கிரேற்புல் டெட்டின் முரசு வாத்தியக்காரரான மிக்கி ஹாட், தபேலா மேதை அல்லா ரக்காவின் தாளக் கணக்குகளால் ஈர்க்கப்பட்டவர். அவர் 1991இல் வெளியிட்ட 'பிளனெற் டிரம்' இசைத்தொகுப்பில் சாகிர் ஹுசைனோடு, தமிழ்நாட்டுக் கடம் வித்துவான் விக்கு விநாயக்ராமும் வாசித்திருக்கிறார்.

பிஷ் குழுவினர் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள். 1983இல் வெர்மொன்ற் பல்கலைக்கழகத்து மாணவரிடையே உருவாகிய இக் குழுவில் கிற்றார் வாசிப்பவர் ட்ரே அனஸ்ராசியோ. பேஸ் கிற்றார் மைக் கோர்டன். முரசு ஜோன் பிஷ்மன். பியானோ முதலிய கட்டை வாத்தியங்கள் பேஜ் மக்கொனல். 2017இல் நியூயோர்க் நகரத்து மடிசன் ஸ்குவெயர் கார்டன் அரங்கில் பதின்மூன்று இரவுகள் வாசித்தபோது, ஒரு பாட்டையேனும் அவர்கள் மீண்டும் எடுக்கவில்லை. ஸ்பியரின் நான்கு இரவுகளிலும் அந் நியதியையே கைக்கொண்டனர்.

கட்டடமே கருவியாகி

இனி மண்டபத்தைப் பார்ப்போம். 366 அடி உயரமும் 516 அடி அகலமும் கொண்ட இக் கோளம் ஏறத்தாழ 230 கோடி டொலர் செலவில் எழுப்பப்பட்டு, 2023 செப்ரெம்பர் 29ஆந் திகதி 'யூ ரூ' என்னும் ஐரிஷ் குழுவின் கச்சேரியுடன் திறக்கப்பட்டது. பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே அமரலாம். ஆசனங்கள் மலைச்சரிவு போலச் செங்குத்தாக மேலேறுகின்றன. அவற்றை எதிர்நோக்கி, மேடையின் பின்னாலெழுந்து தலைக்கு மேலே வளைந்து இரு பக்கமும் சூழ்ந்து நிற்கின்றது ஒரு திரை. ஒளிகாலும் இருவாயிகளால் ஆகிய அத் திரையின் பரப்பு 160,000 சதுர அடி. சினிமாத் திரையைப் போல இதற்கு ஓரம் இல்லை. கண் எட்டிய மட்டும் படமே. இதனாற்றான், பார்ப்பவன் தான் ஒரு படத்தைப் பார்ப்பதாக எண்ணாது, ஓரிடத்துக்குச் சென்றுவிட்டதாகவே எண்ணுகின்றான்.

ஒலியமைப்பு இதனினும் நுட்பமானது. ஏறத்தாழ 167,000 சிறு ஒலிபெருக்கிகள் அத் திரைக்குப் பின்னே மறைந்துள்ளன. ஒலி காற்றில் ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரமே செல்லும் என்பதை மாணவர் அறிவர். பெரிய அரங்குகளில் பின்வரிசையாருக்குப் பாட்டு மங்கலாகக் கேட்பதற்கு, பல திசைகளிலிருந்தும் வெவ்வேறு நேரத்தில் வந்துசேரும் எதிரொலிகளே முக்கிய காரணம். இங்கே கணனி ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் ஒரு நுண்ணிய காலவேறுபாட்டை வகுத்துக் கொடுக்கின்றது. அவற்றினின்று எழும் அலைகள் கூடவேண்டிய இடத்திற் கூடி, அழியவேண்டிய இடத்தில் அழிகின்றன. டோச் ஒளியைத் திருப்புவதுபோல ஒலியையும் வேண்டிய திசைக்குச் செலுத்த இதனால் இயலுகின்றது. ஆயிரக்கணக்கான ஆசனங்களில் ஒலிக்கேற்ப அதிரும் பொறிகளும் உண்டு.

இசைக்காக இத்துணைப் பெரிய யந்திரமா என்று முகஞ் சுளிப்போருக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். 1974இல் கிரேற்புல் டெட் குழுவினரே 'ஒலிச்சுவர்' என்றதோர் அமைப்பைத் தமக்குப் பின்னே எழுப்பி வாசித்தனர். சுமார் அறுநூறு ஒலிபெருக்கிகளைக் கொண்ட அதன் எடை எழுபத்தைந்து தொன் என்பர். தாம் கேட்பதையே சபையோரும் கேட்கவேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். செலவையும் சுமையையும் தாங்கமாட்டாது அவ்வாண்டின் இறுதியிலேயே அதனைக் கைவிட்டனர். ஆக, மனம் போன வழி வாசிப்போருக்கும் யந்திரத்துக்கும் உள்ள தொடர்பு ஐம்பது ஆண்டுப் பழமையானது. புதிதாக வந்து சேர்ந்தது படமே. அங்கேதான் சிக்கலும் தொடங்குகின்றது.

பாட்டு முந்துமா, படம் முந்துமா?

இத்தகைய திரைக்குரிய படத்தை ஆக்குவதற்கு மாதக்கணக்கிற் பலர் உழைக்கவேண்டும். அவ்வாறு ஆக்கிய படம் ஏழு நிமிஷம் ஓடுமாயின், பாட்டும் ஏழு நிமிஷத்தில் முடிதல் வேண்டும். வரிசை தவறாது ஒவ்வோரிரவும் ஏறக்குறைய ஒரே நிகழ்ச்சியை நடத்துவோருக்கு இதனால் இடர் எதுவுமில்லை. ஆனால், பாட்டு எப்போது முடியும் என்பது வாசிப்பவருக்கே தெரியாதெனின் யாது செய்வது? படத்தின் நீளத்துக்குப் பாட்டை வெட்டினால் ஜாம் குழு ஜாம் குழுவாக இராது.

பிஷ் குழுவினர் கண்ட வழி எளிதானது. அதே வேளை துணிவானது. நிகழ்ச்சியை நெறிப்படுத்திய அபிகேல் றோசன் ஹோம்ஸ் என்ற அம்மையாரும், கனடாவின் மொன்றியல் நகரத்து 'மோமென்ற் பக்டரி' கலைஞர்களும், ஆரம்பமும் முடிவும் கொண்ட படங்களோடு நின்றுவிடாது, வேண்டுமளவு நீளவும் நிறம் மாறவும் வேகம் மாறவும் கூடிய காட்சிகளை ஆக்கினர். மேடையில் நடப்பதைக் கேட்டுக் கேட்டு, அவ்வப்போதே அவற்றை இயக்கினர். நான்கு இரவுகளுக்கும் பொருளாகத் திண்மம், திரவம், வாயு, பிளாஸ்மா என்னும் சடப்பொருளின் நான்கு நிலைகளை எடுத்துக்கொண்டனர். கதை சொன்னால் முடிவு வேண்டும்; நீருக்கும் புகைக்கும் முடிவு தேவையில்லை.

இவ்வகையில் இக் குழுவுக்கு முன்னனுபவமும் உண்டு. இவர்களுடைய ஒளியமைப்பாளர் கிறிஸ் குரோடா நெடுங்காலமாக வாசிப்பைச் செவிமடுத்தபடியே விளக்குகளை இயக்கி வருபவர். இரசிகர் அவரை ஐந்தாவது உறுப்பினர் என்றே அழைப்பர். நமது கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரருக்குள்ள இடம் அவருக்கு உண்டு என்று சொன்னால் மிகையாகாது. பாடகர் எங்கே போகிறார் என்று பார்த்துப் பின்செல்வதும், வேண்டிய இடத்தில் ஒரு தட்டுத் தட்டி ஊக்குவதும், வேண்டாத இடத்திற் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் அல்லவோ பக்கவாத்திய தர்மம்!

அன்றிரவு

நான் சென்ற இரவின் பொருள் திரவம். முதற் சில நிமிஷங்கள் சபையோர் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தனர். மேடையில் நால்வர் நிற்பதையே மறந்துவிட்டனர் போலும். அத் திரையின் அடியில் அந்நால்வரும் தீப்பெட்டிக்குள் வைத்த பொம்மைகள் போலச் சிறுத்துக் காணப்பட்டனர். படம் பாட்டை விழுங்கிவிடுமோ என்ற ஐயம் எனக்கு அப்போது வலுத்தது.

நேரஞ் செல்லச் செல்ல நிலை மாறியது. ஒரு பாட்டின் சாகித்தியம் முடிந்தபின் கிற்றார் இரண்டு சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. பியானோ அதற்கொரு மறுமொழி சொல்லிப் பார்த்தது. பேஸ் கிற்றார் முற்றிலும் வேறு திசையில் நடக்கத் தொடங்க, முரசு தயங்கிப் பின் அதனோடு சேர்ந்துகொண்டது. பாட்டின் பழைய உருவம் கரைந்து, அதுகாறும் இல்லாத ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த நீரும் அதற்கிசைய அவசரமின்றி நிறம் மாறியது. புதிய காட்சி எதனையும் திணித்துக் கவனத்தைக் கலைக்கவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்தவர் கண்களை மூடிக்கொண்டு தலையசைத்துக் கொண்டிருந்தார். அத்துணைப் பெரிய திரைக்கு எதிரே ஒருவர் கண்ணை மூடியிருந்தார் என்பதை அச் சங்கீதத்துக்குக் கிடைத்த நற்சான்றாகவே கருதினேன்.

எல்லாக் கட்டங்களும் இவ்வாறு அமைந்தன என்று சொல்லமாட்டேன். சிலவிடங்களில் காட்சி வேடிக்கையாகித் தனியே கைதட்டல் பெற்றது. அத் தருணங்களில் வாசிப்பு படத்துக்குப் பின்னணியாகத் தாழ்ந்தது.

ஒலிப்பதிவு சொன்ன தீர்ப்பு

கிரேற்புல் டெட் குழுவினர் தம் கச்சேரிகளை இரசிகர் ஒலிப்பதிவு செய்வதற்கு இடங்கொடுத்தனர். 1984இல் அதற்கெனத் தனி ஆசனப் பகுதியே ஒதுக்கினர். விலைபேசாது கைமாறிய அந்த நாடாக்களே அவர்களுடைய இசையை நாடெங்கும் பரப்பின. பிஷ் குழுவினரும் இரசிகரின் ஒலிப்பதிவுக்கு இடங்கொடுப்பவர்களே. தம் கச்சேரிகளின் ஒலிப்பதிவுகளைத் தாமும் வெளியிடுகின்றனர். அன்றைய கச்சேரியின் ஒலிப்பதிவைப் பின்னர் தேடிக் கேட்டேன். படமில்லை, கோளமில்லை, அதிரும் ஆசனமில்லை. நால்வரின் வாசிப்பு மட்டுமே இருந்தது. மண்டபத்திலே பெரும் ஆரவாரத்தைப் பெற்ற சில பகுதிகள் வெறுங்காதுக்கு மெலிந்தே கேட்டன. அவ்விரண்டு சுரங்களிலிருந்து விரிந்த பகுதியோ, சிறிய அறையிலும் தன் முழு உயரத்தோடு நின்றது. யந்திரம் வாசிப்பின் பின்னே சென்ற இடத்தில் சங்கீதம் தழைத்தது. முன்னே சென்ற இடத்திற் குன்றியது என்பதே நான் கண்ட முடிபு.

கோடிக்கணக்கான டொலர் செலவில் எழும் மண்டபத்தில் நுழைவுச்சீட்டு மலிவாயிருக்க முடியாது. உலகிற் பெரும்பாலான இசைப்பிரியர் அதனுள் என்றும் அடியெடுத்து வைக்கப்போவதுமில்லை. நாடாவிற் பதிந்து கைக்குக் கை மாறக்கூடிய கலையை, ஊருக்குக் கொண்டுசெல்லவியலாத ஒரு கட்டடத்தோடு பிணைத்துவிடலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும், புதிய கருவி ஒவ்வொன்றும் வந்தபோது கலை அழிந்துவிடும் என்று அஞ்சியோர் இருந்தனர். ஒலிவாங்கி வந்தபோது நம் வித்துவான்களிற் சிலர் முகந்திருப்பினர். பின்னர் அதற்கேற்பப் பாடும் முறையே மாறியது. கோள மண்டபமும் அவ்வாறே கற்றுத் தேறவேண்டிய ஒரு வாத்தியம். அதற்குச் சுருதி சேர்க்கக் கலைஞர் இப்போதுதான் முயன்று பார்க்கின்றனர். பக்கவாத்தியக்காரரின் அடக்கத்தை அதற்குக் கற்பிக்கவல்லவர்கள், ஒத்திகை பார்க்காத பாட்டைப் பாடும் இத்தகைய குழுவினரே என்பது என் துணிபு.