குரூர் சிங்கின் புருவமும் சப்லாவின் பையும்

தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷன் பார்த்தவர்கள் குரூர் சிங்கை மறந்திருக்க மாட்டார்கள். மேல்நோக்கி வளைந்த அடர்ந்த புருவம், பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘யக்கூ!’. இந்தி தெரியாத வீடுகளிலும் அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. நடித்தவர் அகிலேந்திர மிஷ்ரா. தொடர், 1994-ல் நீர்ஜா குலேரி இயக்கத்தில் தொடங்கிய ‘சந்திரகாந்தா’.

அதன் மூலம் தேவகிநந்தன் கத்ரி எழுதி 1888-ல் வெளிவந்த நாவல். கத்ரி காசியில் வாழ்ந்தவர். சகியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்து, அங்கிருந்த பாழடைந்த கோட்டைகளையும் குகைகளையும் சுற்றியவர். இந்த நாவலைப் படிப்பதற்காகவே உருது மட்டும் அறிந்த பலர் தேவநாகரி எழுத்தைக் கற்றார்கள் என்று இந்தி இலக்கிய வரலாறு பதிந்திருக்கிறது. ஒரு கதைக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?

நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்குக்கும் விஜய்கட் இளவரசி சந்திரகாந்தாவுக்கும் காதல். அவளை அடையத் துடிக்கும் அமைச்சர் மகன் குரூர் சிங், சுனார் அரசன் சிவதத்தனிடம் போய்ச் சேர்கிறான். ஆனால் கதையை உண்மையில் நடத்துபவர்கள் ‘ஐயார்’கள். மாறுவேடம், உளவு, தந்திரம் எல்லாம் கைவந்தவர்கள். நம் ‘பொன்னியின் செல்வன்’ ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் வடநாட்டு உறவினர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இடுப்புப் பையில் மயக்கப்பொடி, தெளிய வைக்கும் மருந்து, மதிலேறக் கயிறு. பிடிபட்ட ஐயாரைச் சிறைவைக்கலாம், கொல்லக் கூடாது என்பது அவர்கள் உலகத்துத் தர்மம். இளவரசியின் தோழி சப்லாவும் ஒரு ஐயார். 19-ஆம் நூற்றாண்டு நாவலில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு துணிச்சலான வேலை கொடுத்ததற்காகவே கத்ரியைக் கும்பிடலாம்.

நாவலில் ஆளை விழுங்கும் கல் கொக்கு ஒன்று வரும். படிக்கும்போது மாயமாகத் தெரியும். உள்ளே இருப்பது பொறி என்று பின்னால் அவிழும். அதிசயம் எதுவானாலும் அதன் பின்னால் மனித மூளை இருக்கும் என்பதுதான் கத்ரியின் பிடிவாதம்.

தொலைக்காட்சி அந்தப் பிடிவாதத்தைக் கைவிட்டது. தொடர் நீள நீள மந்திரமும் மாயமும் பெருகின, நாவல் பின்னுக்குப் போனது. இர்ஃபான் கான் ஐயார் பத்ரிநாத்தாக வந்ததும், பளபளக்கும் உடைகளும் கண்ணுக்கு விருந்துதான். இருந்தாலும், கத்ரி காட்டிய மூளையின் வித்தையை மந்திரக்கோல் விழுங்கிவிட்டது என்பதே என் ஆதங்கம்.

2017-ல் இரண்டு சேனல்கள் தனித்தனியே இக்கதையை மறுபடி எடுத்தன. அடுத்து எடுக்க நினைப்பவர்கள் மந்திரவாதிகளை வாசலோடு நிறுத்திவிட்டு, சப்லாவின் பையைத் திறந்து காட்டட்டும்.